பாறை மேல் ஒரு புளியமரம்

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் போய்ச் சொல்லும் பொய்களில் பெரிய பொய், "கன்னியாகுமரியா? அது நம்ம வீட்டுக் கொல்லைப்புறம்லா!" என்பதுதான். கொல்லைப்புறத்துக்காவது தினமும் துணி காயப்போடப் போவோம். கன்னியாகுமரிக்கு, வீட்டுக்கு விருந்தாள் வந்தால் மட்டுமே போவோம்.

என் வீடு சுசீந்திரத்தில். அங்கிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் அரைமணி நேரம். இருபத்தாறு வயதுக்குள் எட்டு ஒன்பது தடவை போயிருப்பேன். ஆனால் கடலுக்குள் இருக்கும் பாறைக்குப் படகேறிப் போனது ஒரு தடவைகூட இல்லை. (வெளியில் சொல்லிவிடாதீர்கள்.) காரணம், செருப்பு. பாறையில் தேவியின் பாதம் இருக்கிறது, அங்கே செருப்போடு போகக் கூடாது என்பது எங்கள் சொந்தக்காரர்களின் கட்சி. கரையிலேயே கழற்றிவிடுவார்கள். பதினைந்து ஜோடிச் செருப்பு, நாலு பை, ஒரு புளியோதரைத் தூக்குவாளி. இவற்றுக்கு யாராவது காவல் இருக்க வேண்டும். எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும்.

"ஏட்டி, நீ இரி. உனக்கென்ன, நம்ம ஊருதானே. எப்ப வேணும்னாலும் போலாம்லா!"

இந்த உண்மையைச் சென்னையில் என்னோடு வேலை பார்த்த கார்த்தியிடம் சொன்னேனா? ஈரோட்டுப் பையன், கடல் என்றால் மெரினாதான் தெரியும். பாறையிலிருந்து பார்த்தால் மூன்று கடலும் மூன்று நிறத்தில் தெரியும், எந்தப் படியில் நின்றால் காற்று ஆளைத் தூக்கும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான். கடைசியில் என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகவும் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். நான் சொன்னதையெல்லாம் தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

கார்த்திக்கு அப்பா இல்லை. அம்மா சரி என்றால்தான் கல்யாணம். அந்த அம்மாவுக்கோ, இவ்வளவு தூரத்தில், பழக்கவழக்கம் தெரியாத ஊரில் பெண் எடுப்பதில் தயக்கம். "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று மே மாதம் ஒரு சனிக்கிழமை மகனோடு வந்து இறங்கினார். அன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. ராத்திரி ரயிலேறுவதற்குள் பதில் சொல்லிவிடுவார்.

காரில் ஏறியதும் தன் ஆசையைச் சொன்னார். "கண்ணு, எனக்குக் கோயில் குளமெல்லாம் அவசரமில்ல. கடலுக்குள்ள சூரியன் எறங்கறத ஒருக்கா பாக்கோணும். கார்த்தியோட அப்பா கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிட்டே போயிச் சேந்துட்டாரு."

"அதுக்கென்னம்மா, இன்னைக்குக் காட்டிடறேன். நம்ம ஊருதானே!" என்றேன். என் கையிலிருந்த ஸ்டியரிங்கில் அப்பாவின் பழைய காரோடு என் வாழ்க்கையும் சேர்ந்து இருந்தது.

முதல் அடி மதியம், ஓட்டலில், சாப்பாட்டு இலையில் விழுந்தது. சாம்பார் முடிந்து பாயசம் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி இலையிலேயே ஊற்றச் சொல்லி, அப்பளத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டு நிமிர்ந்தேன். அத்தை (இப்போது அத்தை, அன்றைக்கு வெறும் 'அம்மா') என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அவர் தன் இலையை மூடிவிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரச வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"பாயசத்துக்கு மேல ரசமா?" என்று அத்தை மெல்லக் கேட்டார். "பொறவு மோரும் உண்டும்மா" என்று பரிமாறுகிறவர் பெருமையாகச் சொல்லிவிட்டு, மூடிய இலையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். பத்துக்கு மூன்று மதிப்பெண் போயிற்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

படகுத்துறையில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஒரு மணி நேரம் நின்று வாசலுக்கு வந்தபோது, அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, "இத எங்க கண்ணு வெக்கறது?" என்றார்.

அடுத்து நான் செய்ததை இன்றுவரை என்னாலேயே நம்ப முடியவில்லை. "குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் எத்தனையோ தடவ போனதுதானே" என்றது என் வாய். பழக்கதோஷம்! கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து, மூன்று ஜோடிச் செருப்பையும் நேராக அடுக்கிவைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏங் கண்ணு, அந்தப் பாறை மேல ஒரு புளியமரம் நிக்குதே, அது எத்தன வருசத்து மரம் இருக்கும்?"

"நூறு வருஷம் இருக்கும்மா" என்றேன், யோசிக்காமல். "எங்க தாத்தாவே அதைப் பத்திச் சொல்லியிருக்கார்."

கார்த்திக்குத் திடீரென்று இருமல் வந்தது.  அத்தை கடலைப் பார்த்தபடி நடந்தார். அந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை. 

சரி, சூரியன் இருக்கிறது, காப்பாற்றிவிடும் என்று கடற்கரைச் சுவரில் நல்ல இடமாகப் பார்த்து அத்தையை உட்காரவைத்தேன். மணி ஐந்தரை. பாசிமாலை விற்கிற அக்கா ஒருத்தி வந்து என்னிடம் இந்தியில் விலை சொன்னாள். என் முகத்தில் அவ்வளவு அந்நியம்!

"அக்கா, நமக்குச் சுசீந்திரம்" என்றேன், ரோஷமாக.

"சுசீந்திரமா? பின்ன எதுக்கு மக்கா இவியள இங்க கொண்டு இருத்தியிருக்க? இந்த மாசம் இங்க நிண்ணா கடல்ல விழாது. அந்தத் தென்னமரத்துக்குப் பொறவுலயாக்கும் போவும். தை மாசம்னா இங்கனயே பாக்கலாம். இப்பம் முட்டத்துக்குப் போவணும்."

நல்லவேளை, அத்தை கொஞ்சம் தள்ளி இருந்தார். ஒதுங்கிப் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, சூரியன் கடல்ல விழுறது எங்க நிண்ணா தெரியும்?"

"அத நான் எங்க மக்ளே பாத்தேன்? அந்நேரம் கடையிலலா நிப்பேன்" என்றார் அப்பா. ஐம்பத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்து சுசீந்திரம். என் அறியாமை பரம்பரைச் சொத்து என்று அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, இதைவிட நல்ல இடம் ஒண்ணு இருக்கு!" என்று இருவரையும் காருக்குள் ஏற்றினேன். முட்டத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். சூரியனுக்கும் அவ்வளவு நேரம்தான் பாக்கி இருந்தது. மேற்கே போகும் கடற்கரைச் சாலை. சூரியன் காருக்கு நேர் முன்னால் நின்று என் கண்ணைக் குத்தியது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. முன்சீட்டில் அத்தை, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்சீட்டில் கார்த்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"மெதுவா போ கண்ணு."

"வந்திரும்மா, இப்ப வந்திரும்!"

இராஜாக்கமங்கலத்துக்கு முன்னால், ஒற்றைச் சாலையில், ஒரு மீன் லாரியும் ஒரு டவுன் பஸ்ஸும் எதிரும் புதிருமாக நின்றன. இரண்டு டிரைவர்களும் பின்னால் எடுப்பதில்லை என்ற முடிவோடு கீழே இறங்கியிருந்தார்கள். "லே, நீ எடுல!" "நான் எதுக்குல எடுக்கணும்?" நான் ஹாரனை அழுத்தினேன். கெஞ்சினேன். சூரியன் தென்னங்கீற்றுக்குள் நுழைந்தது. சிவந்தது. பாதியானது. லாரி பின்னால் நகர்ந்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியே கடற்கரைக்குக் காரை விட்டேன். மணலில் இறங்கி நின்றோம். வானத்தில் செம்மை மட்டும் மிச்சம். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மனுஷியின் எத்தனையோ வருட ஆசையை என் வாய்ச்சவடாலால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. சூரியன் எங்க விழும்னு தெரியாது. பாறைக்கு நான் போனதே இல்ல."

"தெரியுங் கண்ணு" என்றார் அத்தை, திரும்பாமலே. "அங்க புளியமரமே கெடையாது."

கார்த்தி மறுபடி இருமினான்.

"நீ செருப்போட உக்காந்ததுமே சந்தேகம், சும்மா கேட்டுப் பாத்தேன். நீ நூறு வருசம்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. போதாததுக்குத் தாத்தாவ வேற சாட்சிக்குக் கூப்பிட்டே. செரி, பக்கத்துலயே இருந்துட்டு ஏன் ஒருக்காகூடப் போகல?"

விக்கலுக்கு நடுவே செருப்புக் கதையைச் சொன்னேன். எந்தச் சித்தி, எந்த மாமா, எந்த வருஷம், எத்தனை ஜோடி என்று எல்லாம். சொல்லி முடித்தபோது அத்தையின் தோள்கள் குலுங்கின. அவரும் அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வர முடியாத அளவுக்குச் சிரித்து, மூச்சு வாங்கி, மணலில் உட்கார்ந்தே விட்டார்.

"டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு இன்னைக்கும் உக்காந்துட்டியே, அம்மிணி! கழட்டு செருப்ப."

"எதுக்கும்மா?"

"கழட்டுங்கறன். கார்த்தி, நீயும் கழட்டுடா. ரெண்டு பேரும் போயிக் கால் நனைச்சுட்டு வாங்க. நான் காவல் இருக்கறேன்."

செருப்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நான் கடலுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. திரும்பிப் பார்த்தபோது அத்தை இரண்டு ஜோடியையும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மறுபடி அழுகை வந்தது, ஆனால் இது வேறு அழுகை. ரயிலேறும்போது, "அப்பாவ நாள் பாக்கச் சொல்லு கண்ணு. தை மாசத்துல வெக்கச் சொல்லு, சூரியனப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார்.

அப்படியே தையில் கல்யாணம் முடிந்தது. மறுநாளே அந்தப் பாசிமாலை அக்கா சொன்ன சுவரில் உட்கார்ந்து அத்தை தன் சூரியனைப் பார்த்தார், கடைசித் துளி இறங்கும்வரை. ஈரோட்டு வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "இது புளியமரமா, நெசமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் கொழுந்தன் ஆபீஸிலும் அதைப் பரப்பிவிட்டான்.

போன தையில் ஈரோட்டிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். படகுத்துறையில் செருப்புகள் கழன்றன. என் உடம்பு தானாகக் குனிந்தது. அத்தை என் கையைப் பிடித்து நிமிர்த்தி, டிக்கெட்டைத் திணித்து, வரிசைக்குள் தள்ளிவிட்டு, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தொரு வயதில் நான் பாறைக்குப் போனேன். காற்று நிஜமாகவே ஆளைத் தூக்கியது.

திரும்பி வந்ததும் பதினொரு பேருக்கும் கேட்கும்படி அத்தை கேட்டார், "ஏங் கண்ணு, புளியமரம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கு அத்தை" என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டே. "இப்ப நூத்தஞ்சு வருஷம்."