லாரியைக் கடித்துப் பார்த்த பல்லு மேஸ்திரி

லாரி ஓட்டினவர்கள் உண்டு, லாரியில் அடிபட்டவர்கள் உண்டு, லாரி வாங்கி நடுத்தெருவுக்கு வந்தவர்கள் ஏராளம். ஆனால் லாரியைக் கடித்துப் பார்த்து வைத்தியம் செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஓசூரில் இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஐம்பதுகளில் நான் அங்கே குமாஸ்தாவாக இருந்த மூன்று வருஷத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'பல்லு மேஸ்திரி, ஓசூர், சேலம் ஜில்லா' என்று எழுதினால் போதும், கடுதாசி நேராக அவர் கைக்கு வந்துவிடும்.

அவர் வைத்தியம் இப்படித்தான் நடக்கும். லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவர் பக்கத்தில் குனிந்து உட்காருவார். கியர் கம்பியின் உச்சியில் இருக்கும் குமிழைத் துண்டால் துடைப்பார். அப்புறம் லபக்கென்று அதைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். டிரைவருக்குக் கியர் மாற்ற வேண்டுமானால் அவர் முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும். வாயை எடுப்பார், மாற்றினதும் மறுபடி கடிப்பார். இரண்டு மைல் போனதும் நிமிர்ந்து, "பின்னாடி பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பின்னாடி பேரிங் போயிருக்கும்.

"ஏன் மேஸ்திரி, காதால கேட்டா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காதுக்கு இஞ்சின் சத்தமும் வரும், ரோட்டுச் சத்தமும் வரும், உன் பேச்சு வேற வரும். பல்லுக்குக் கியர் பெட்டி மட்டும்தான் வரும்."

தொழில் சாமான் என்பதால் பல்லை அவர் பாதுகாத்த அழகே தனி. மூன்று வேளையும் வேப்பங்குச்சி. கரும்பு தொடமாட்டார். முறுக்கு கொடுத்தால் டீயில் அரைமணி ஊறவைத்துத்தான் வாயில் போடுவார். கடைவாய்ப்பல் ஒன்று விழுந்தபோது, "ஒரு ஸ்பேனர் தொலைஞ்சுபோச்சுப்பா" என்று இரண்டு நாள் வேலைக்கு வராமல் துக்கம் காத்தார். எங்கள் ஊர்க்காரர் எல்லோரையும் போல அவருக்கும் மூன்று பாஷை வரும். மெஷினைத் திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது கன்னடத்தில், டீ கேட்பது தமிழில்.

நான் குமாஸ்தாவாக இருந்த இடம் ரத்னக்காவின் லாரி ஷெட். ஷெட் என்றால் நாலு கம்பமும் ஒரு தகரமும். லாரி என்றால் ஒரே ஒரு லாரி. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டதை அக்காவின் புருஷனும் அவர் தம்பி சென்னப்பாவும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். புருஷன் காலமானபிறகு அக்காதான் அதை ஓட்டுவித்து வந்தார். ராகி, புளி, உருளைக்கிழங்கு, மாங்காய் எல்லாம் அதில்தான் பெங்களூருக்குப் போகும்.

அந்த வருஷம் மாங்காய் சீசன் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மூன்றாவது கியர் தகராறு பண்ண ஆரம்பித்தது. போட்டால் இரண்டு பர்லாங் நிற்கும். அப்புறம் டக்கென்று தானாக வெளியே வந்துவிடும். டிரைவர் சாமிக்கண்ணு சும்மா இருப்பாரா? மூன்றாவது போட்டதும் கியர் கம்பியைத் துண்டால் இழுத்து சீட்டின் காலோடு கட்டிவிட்டார். கியர் நின்றது. ஆனால் அடுத்த கியர் மாற்ற முடிச்சை அவிழ்க்க வேண்டுமே. அவர் ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு வைக்கோல் வண்டி வந்தது. யாருக்கும் அடியில்லை. லாரி மட்டும் இரண்டு நாளைக்கு வைக்கோல் தாடி மீசையோடு நின்றது.

சேதி கேட்டு பாகலூரிலிருந்து சென்னப்பா வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"அண்ணி, இதோட போதும். பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச ஆள்கிட்ட வேற கியர் பெட்டி இருக்குது. சத்தமே கிடையாது. அதை மாட்டி, வந்த விலைக்கு லாரியைத் தள்ளிவிட்டுடலாம்."

"தள்ளிவிட்டுட்டு நான் என்ன தம்பி பண்றது?"

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க. சோத்துக்கா பஞ்சம்?"

அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று அக்காவுக்கும் தெரியும். ஆனால் காலையில் கொண்டையை முடிந்துகொண்டு வந்து, "இன்னிக்கு எங்கப்பா லோடு?" என்று அந்த வீட்டில் யாரைக் கேட்பது? அந்த லாரி போனால் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க வேண்டியதுதான்.

இரண்டு நாளில் பெங்களூர் ஆள் வந்தான். எங்களுடையதைப் போலவே மிலிட்டரி ஏலத்தில் வந்து, இப்போது உடைக்கப்போகும் பழைய லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டே வந்திருந்தான். கியர் பெட்டி அதில்தான் இருந்தது. "ஓட்டிப் பாருங்க, பிடிச்சா கழட்டித் தரேன்" என்றான். சாமிக்கண்ணு பாகலூர் ரோட்டில் ஓட்டினார். ஒரு முனகல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. சென்னப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேஸ்திரி மட்டும் குமிழைக் கடித்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சென்னப்பா கேட்டார், "என்ன மேஸ்திரி, எப்படி?"

"பேசவே மாட்டேங்குது."

"நல்லதுதானே?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் அடிபட்ட மிலிட்டரிப் பெட்டிங்க. முனகணும். முனகலேன்னா எவனோ வாயைப் பொத்தியிருக்கான்."

சொல்லிக்கொண்டே லாரிக்கு அடியில் புகுந்து, பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். ஆயில் ஒழுகவில்லை. கேசரி மாதிரி பொத்பொத்தென்று விழுந்தது. மேஸ்திரி ஒரு விரலில் எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மரத்தூளும் வாழைப்பழமும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரஸ்தாளி" என்றார்.

பெங்களூர் ஆளுக்கு முகம் செத்துவிட்டது. தேய்ந்த பல்சக்கரத்தின் சத்தத்தை அடக்க அந்தக் காலத்தில் இப்படி ஒரு தில்லுமுல்லு உண்டு. "இது வெளியில தெரிஞ்சா என் பொழப்பு போயிடும் அண்ணா" என்று கெஞ்சினான். மேஸ்திரி, "அந்தப் பெட்டியை மட்டும் கழட்டி இங்க போட்டுட்டுப் போ. அதுல மூணாவது சக்கரம் ஒண்ணு யோக்கியமா இருக்குது, பல்லுல தெரிஞ்சுது" என்றார். அவன் கழற்றிப் போட்டுவிட்டு, வந்த லாரியை மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

நாலு பேர் முன்னால் மூக்கறுபட்டதில் சென்னப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி அண்ணி, கடைசியா சொல்றேன். திங்கக்கிழமை கிருஷ்ணகிரியிலேர்ந்து மாங்காய் லோடு. சூளகிரி மேட்டுல, யாரும் கம்பியைக் கையால பிடிக்காம, மூணாவது கியர் வெளிய வராம, நிக்காம ஏறணும். ஏறிட்டா லாரி உங்களது, என் பங்கையும் கேக்கமாட்டேன். ஏறலேன்னா காயலாங்கடைக்குப் போகும்." அக்கா, "சரி தம்பி" என்றுவிட்டார். அன்று புதன்கிழமை.

சென்னப்பா போனதும் சாமிக்கண்ணு மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, பேசாம அந்த வாழைப்பழப் பெட்டியையே மாட்டிடலாம். ஒரு நாள் தாங்காதா?"

அக்கா மேஸ்திரியைப் பார்த்தார். "ஏறுமா மேஸ்திரி?"

"ஏறும். திங்கக்கிழமை கண்டிப்பா ஏறும். அடுத்த மாசம் நடுரோட்ல நிக்கும்."

"நம்ம பெட்டியைப் பிரிச்சு, அந்தச் சக்கரத்தைப் போட்டு நீங்க பண்ணிக் கொடுத்தா?"

மேஸ்திரி ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். "தெரியாதும்மா" என்றார்.

பல்லு மேஸ்திரி வாயிலிருந்து அந்த வார்த்தையை ஓசூர் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து கொண்டையை முடிந்துகொண்டார்.

"ஏறும்னு பொய் சொல்லாம தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும். பிரிங்க."

பிரித்தார். ஷெட் முழுக்கக் கோணிச் சாக்கு விரித்து சக்கரங்களை வரிசையாக வைத்தார். யாராவது தாண்டிப் போனால் தெலுங்கு கிளம்பும். மூன்றாவது சக்கரத்தின் பற்கள் ஓரம் தேய்ந்து சரிந்திருந்தன. தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று லொடலொடவென்று ஆடியது. சக்கரம் கையில் இருந்தது. பேரிங்குக்குத்தான் பெங்களூர் போக வேண்டும். என்னைப் போகச் சொன்னார்.

பழைய பேரிங்கை என்னிடம் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "நீ தொலைச்சுட்டு வந்துடுவே" என்று, கெட்டியாகக் கிளறின ராகிக் களியில் பேரிங்கை அழுத்தி அச்சு எடுத்து, வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். அக்கா என் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறொரு இலையில் களியும் கீரையும் கட்டிக் கொடுத்தார். இனிமேல் நடந்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

பஸ்ஸில் பசித்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். கீரையைக் காணோம், லேசாகக் கெரசின் வாசனை. அவசரத்தில் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் முன்னால் ஜம்பமாக அடுத்த பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே உருண்டையாகக் களியும் அதன்மேல் முருங்கைக்கீரையும் இருந்தன. கடைக்காரர் களியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த பேரிங் இது என்று கன்னடத்தில் கேட்டார்: "யாவ பேரிங் சாமி இது?"

திரும்பிப் போய் இன்னொரு அச்சு எடுத்துவர நேரமில்லை. இரண்டு கை விரலாலும் வட்டம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் வட்டம் வேறு மாதிரி வந்தது. கடைசியில் அந்தப் புண்ணியவான் மூன்று சைஸில் மூன்று பேரிங் கொடுத்து, சேராததைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

ஷெட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உப்பு சரியா இருந்துச்சா?" என்றார்.

முதல் பேரிங் சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. மூன்றாவது கைக்குழந்தை மடியில் உட்காருகிற மாதிரி போய் உட்கார்ந்தது. நான் போய் ஷெட்டுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலை கிருஷ்ணகிரியில் கூடை கூடையாக மாங்காய் ஏற்றினோம். சென்னப்பா முன்னால் கதவோரம் உட்கார்ந்துகொண்டார், நடுவில் மேஸ்திரி, ஓட்டுவது சாமிக்கண்ணு. "நானும் வருவேன்" என்று அக்கா மாங்காய்க் கூடைமேல் ஏறிவிட்டார். நான் அவர் பக்கத்தில், கேபினின் பின்பக்க ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.

சூளகிரி மேடு வந்தது. சாமிக்கண்ணு மூன்றாவது போட்டுவிட்டுக் கையை எடுத்தார். மேஸ்திரி வழக்கம்போலத் துண்டால் குமிழைத் துடைத்துக் குனிந்தார்.

"அதெல்லாம் ஆகாது. கையால பிடிக்கக்கூடாதுன்னா வாயாலயும் பிடிக்கக்கூடாது" என்றார் சென்னப்பா.

"பிடிக்கலீங்க, பார்க்கிறேன்."

"நிமிர்ந்து உட்காருங்க மேஸ்திரி."

பாவம், மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவரிடம் இருந்ததெல்லாம் எங்களைப் போல இரண்டு காதுதான். கம்பி நடுங்கியது. முதல் வளைவில் கியர் கழலாமல் நின்றது. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு கட்டைவண்டி, நகருவேனா என்றது. லாரி வேகம் குறைந்து திணறியது. பெட்டி பழையபடி இருந்திருந்தால் இந்த இடத்தில்தான் டக்கென்று கழன்றுகொள்ளும். "பா தாயி, பா, பா" என்று மேஸ்திரி கன்னடத்தில் லாரியை வா வாவென்று மெல்லக் கொஞ்சிக்கொண்டிருந்தார். மேலே அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடியின் வலி எனக்கு இரண்டு நாள் இருந்தது.

வண்டிக்காரன் ஒதுங்கினான். சாமிக்கண்ணு மிதித்தார். லாரி ஒரு உறுமு உறுமிக்கொண்டு, மாங்காயும் நாங்களுமாக, மூன்றாவது கியரிலேயே மேட்டின் உச்சிக்கு ஏறி வந்து நின்றது.

சென்னப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கியர் கம்பியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. இறங்கி வந்து கூடைமேல் இருந்த அக்காவை அண்ணாந்து பார்த்தார்.

"லாரி உங்களதுதான் அண்ணி. அடுத்த வாரம் நம்ம தோட்டத்து ராகி முப்பது மூட்டை இருக்குது. அனுப்பி வைப்பீங்களா?"

"குமாஸ்தாகிட்ட சொல்லிட்டுப் போங்க தம்பி. லோடு இருக்குதான்னு பார்த்துச் சொல்வார்" என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரலில் மட்டும் முதலாளித்தனம் குறையவில்லை.

மேட்டின் மேலே ஒரு டீக்கடை இருந்தது. எல்லோரும் மேஸ்திரியைச் சூழ்ந்துகொண்டோம். சாமிக்கண்ணு அவரைக் கட்டிக்கொண்டு தூக்கியே விட்டார். நான் ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கின கை வெடவெடவென்று நடுங்கி, பாதி டீ அவர் சட்டையில் கொட்டிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு டம்ளரைக் கீழே வைக்கப் போனார். நான் விடவில்லை. டம்ளரை வாங்கி, சூடு போக ஊதி, அவர் வாயில் வைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் நானே குடிக்க வைத்தேன். பெற்ற தகப்பனுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.