சமையலறை சிவப்பு, ஆய்வகம் பச்சை

அன்பும் பொறுமையும் நிறைந்த என் மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், கணினி நலம், மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் நலம். மின்கலம் மட்டும் தொட்டால் கொஞ்சம் சுடுகிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை. அங்கே நீயும், உன் மனைவியும், உன் பல் மருத்துவ நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடக்கும் பொதுமக்களும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தொழில்மேல் எனக்கு நெடுநாளாகவே ஒரு பொறாமை உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே நாலு கருவியைச் செருகிவிட்டு, அப்புறம் நீ மட்டும் பேசலாம். எதிராளியால் 'ஆ' என்பதற்கு மேல் எந்த மறுப்பும் தெரிவிக்க முடியாது. என் இல்லற வாழ்க்கையில் ஒரு நாள்கூட எனக்கு அப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை.

மூச்சுக்கு மூச்சு எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிற அத்தான் ஏன் காகிதத்தில் பேனாவால் எழுதுகிறார் என்று நீ சிரிக்கலாம். உன் கைபேசிக்கு அழைத்தால் எடுப்பது உன் அக்கா. என் குரல் கேட்டதும் வைப்பதும் அவளே. குடும்பக் குழுவில் எழுதலாம் என்றால், அதிலிருந்து என்னை யாரோ நீக்கியிருக்கிறார்கள். யார் என்று கேட்க மாட்டேன். அந்தக் குழுவுக்கு ஒரே நிர்வாகி நீதான் என்பதால், விரல் தவறிப் பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால் என் 'காலை ஆற்றல் சிந்தனை' இல்லாமல் நம் சொந்தபந்தங்கள் இத்தனை நாள் எப்படித்தான் பொழுதைத் தொடங்குகிறார்களோ, எனக்கு அதுதான் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு நாள் தம்பி வீட்ல இருந்துட்டு வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் உன் அக்கா. அந்த இரண்டு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் உன்னிடம் என்னென்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. எதைச் சொல்லியிருந்தாலும் அதில் பாதிதான் உண்மை, மீதி கோபம். நான் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருப்பவன். எரிந்துவிட்டது என்று வருகிறவரிடம் சாம்பலைக் காட்டச் சொல்வது என் உத்தியோகம். ஆகவே நான் ஆதாரத்தோடு மட்டுமே பேசுவேன்.

மின்சாரம் பற்றிய என் கொள்கை உனக்குத் தெரிந்ததுதான். அதை நிலக்கரியில் எடுக்கட்டும், காற்றில் எடுக்கட்டும், அணுவைப் பிளந்து எடுக்கட்டும், அது அவரவர் பாடு. வீட்டுக்குள் வந்தபிறகு அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லையே, அங்கேதான் இந்தச் சமூகம் சறுக்குகிறது. "எல்லாரும் மின்சாரத்தால் வெளிச்சம் போடுகிறோம், மின்சாரத்தின்மேல் வெளிச்சம் போட்டோமா?" என்று நம் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். ஒருவர் பலமாகக் கைதட்டினார். கொசு என்று பிறகு தெரியவந்தது. ஆனால் நான் சோர்ந்துவிடவில்லை. ஊருக்குச் சொல்வதற்கு முன் வீட்டில் செய்து காட்டுவோம் என்று இறங்கினேன். முதலில் பால்கனியில் குட்டிக் காற்றாலை வைத்தேன். அது காற்றுக்கு அசையவில்லை, மாடி வீட்டு வங்கிக்காரர் காயப்போட்ட துண்டு வந்து விழுந்ததும் படுவேகமாகச் சுற்றி, துண்டை நூலாக்கித் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அப்புறம் ஆள் அசைந்தால் எரிந்து அசையாவிட்டால் அணையும் விளக்கைக் குளியலறையில் மாட்டினேன். அதன் பெருமையை நீயே அறிவாய். போன தடவை வந்தபோது உள்ளே இருட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டியபடி, "அத்தான்! அத்தான்!" என்று நீ கூப்பிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கும் உன் அக்கா என்னைத்தான் திட்டினாள். "வந்த மனுஷன் நிம்மதியா உக்காரக்கூட முடியலையே இந்த வீட்ல" என்றாள். புதிய தொழில்நுட்பத்தை முதலில் எதிர்ப்பவர்கள் அதை முதலில் பயன்படுத்தியவர்களின் உறவினர்களே என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

இப்போது வந்திருப்பது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஏற்பாடு. மின்பெட்டிக்குள் ஒவ்வொரு அறைக்கும் போகிற கம்பியில் ஒரு சின்ன வளையத்தை மாட்டிவிட்டால், எந்த அறை எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அது அளந்து சொல்லும். வளையங்களை எலக்ட்ரீஷியன் மாட்டினார். எந்த வளையம் எந்த அறை என்று செயலியில் பெயர் கொடுக்கிற மூளை வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கூடம், படுக்கையறை, சமையலறை, ஆய்வகம். ஆய்வகம் என்றால் புரியவில்லையா? முன்பு பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதில் இப்போது ஒரு பெரிய கணினி, அதைக் கண்காணிக்க இன்னொரு கணினி, இரண்டும் சூடாகிவிடாமல் இருக்க ஒரு ஏசி, கரண்ட் போனால் அந்த மூன்றும் தவித்துப்போகாமல் இருக்க வரிசையாக மின்கலங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று உலகம் முழுக்க யார் என்ன எழுதினாலும் அதைப் படித்து, பத்தே வரியில் சுருக்கித் தருவதற்காக அந்தக் கணினி இரவு பகலாக உழைக்கிறது. அந்தப் பத்து வரிதான் நீ குழுவில் வரவிடாமல் செய்த, மன்னிக்கவும், விரல் தவறிப் பட்டதால் வராமல் போன காலைச் சிந்தனை.

கணக்கெல்லாம் கூடத்துச் சுவரில் ஒரு திரையில் தெரியும். எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணி சரியான உயரத்தில் இருந்ததால் படத்தைக் கழற்றி பீரோ மேலே வைத்துவிட்டு அங்கேயே மாட்டினேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு முகம். சிக்கனமாக இருந்தால் பச்சையில் சிரிக்கும், வீணடித்தால் சிவப்பில் அழும். அதோடு ஒரு பெண் குரல். எந்த முகம் எப்படி மாறினால் என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். சமையலறை எல்லை தாண்டினால், "சமையலறையில் மின்சாரம் வீணாகிறது." ஆய்வகத்தில் இயக்கம் கூடினால், "ஆய்வகத்தில் உழைப்பு தொடங்கியது. வாழ்த்துகள்." ஒரு வீட்டில் யாராவது ஒருவரையாவது பாராட்ட வேண்டாமா?

மாட்டிய முதல் நாளே உண்மை வெளிவந்தது. சமையலறை, நாள் முழுக்கச் சிவப்பு, நாள் முழுக்க அழுகை. ஆய்வகமோ பச்சைப் பசேல். அதைவிட ஆச்சரியம், விடிகாலையில் நான் போர்வைக்குள் இருக்கும்போதே, "ஆய்வகத்தில் உழைப்பு தொடங்கியது. வாழ்த்துகள்" என்று குரல் வரும். நான் எழுந்து சிந்திப்பதற்கு முன்பே என் கணினி எனக்காகச் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறது என்று நினைத்து எனக்குப் புல்லரித்துப்போகும். இன்னொரு பக்கம் திரும்பிப் படுத்து அந்த வாழ்த்தை முழுதாக அனுபவித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் அக்காவிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். "அடுப்பு கேஸ்ல எரியுது. இருக்கறது ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மிக்சி, ஒரு கெட்டில். இதுல நாள் பூரா என்னத்தைங்க வீணடிக்கறேன்?" என்றாள். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றேன். அதற்கு அவள், "முதல்ல உங்க ரூமை அணைச்சுட்டு அதைப் பாருங்க" என்றாள். பார்த்தாயா? ஆதாரத்துக்கு ஆதாரம் காட்டாமல், ஆளைத் தாக்குவது. அறிவியல் மனப்பான்மை நம் வீடுகளுக்குள் வராததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைப் பத்து வரியாகச் சுருக்கிக் குழுவிலும் போட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் உன் விரல் தவறிப் பட்டது.

சரி, அவள் கிளம்பிப் போகக் காரணமான கூட்டத்துக்கு வருகிறேன். மாதாந்திரக் குடியிருப்போர் கூட்டத்தை இந்தத் தடவை நம் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வலியப் போய்க் கூப்பிட்டேன். திரையைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் உள்நோக்கம். எல்லாரும் வந்தார்கள், துண்டை இழந்த வங்கிக்காரர் உட்பட. கையில் குச்சியோடு நின்று விளக்கினேன். வீட்டுக்குள் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது, ஒளிவுமறைவு இல்லாத வீடுதான் ஒளிவுமறைவு இல்லாத சமூகத்தைப் படைக்கும் என்று சொல்லி, அழுகிற முகத்தில் குச்சியை வைத்து, "நம் வீடுகளின் இருண்ட பகுதி இதுதான்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உன் அக்கா பதினைந்து டம்ளர் தேநீரோடு சமையலறையிலிருந்து வெளியே வரவும், "சமையலறையில் மின்சாரம் வீணாகிறது" என்று அந்தக் குரல் கணீரென்று அறிவிக்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள். வங்கிக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். உன் அக்கா தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இனிமே அந்த அம்மாவையே டீ போடச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

நான் வருத்தப்படுகிறேன் என்று நீ நினைத்துவிடாதே. ஒரு கோணத்தில் பார்த்தால் இது கிடைத்தற்கரிய ஒரு பரிசோதனை. சமையலறையிலிருந்து ஆளை நீக்கிவிட்டால் செலவு குறைகிறதா என்று பார்க்கலாம் அல்லவா? மகள் கல்லூரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறாள், நான் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றை விழுங்கிக்கொள்கிறேன். சமையலறைக்குள் யாரும் கால் வைப்பதில்லை. விளக்குகூடப் போடுவதில்லை. ஆனாலும் முகம் சிவப்பில் அழுகிறது! ஃப்ரிட்ஜைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் அழுகை நிற்கவில்லை. ஒரு நாள் விடுப்புப் போட்டு, சமையலறை நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வந்து மின்சாரம் குடிக்கிறார்கள் என்று காவல் காத்தேன். ஒரு பல்லிதான் வந்தது. அது கெட்டிலைத் தொடவில்லை. மாடியிலிருந்து வங்கிக்காரர் கம்பி இழுத்துத் திருடுகிறார் என்பதே இப்போதைக்கு என் முடிவு. துண்டுக்குப் பழிவாங்க ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் பார். அவர் வீட்டுக்கே போய் நாசூக்காகக் கேட்டேன். "நான் ராத்திரி ஆனா மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு உங்களையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். குற்றவாளிகள் இப்படித்தான் நகைச்சுவையாகப் பேசித் தப்பிப்பார்கள்.

இன்னொரு அதிசயம். சமையலறைக்கு ஆள் இல்லாமல் போனதிலிருந்து ஆய்வகத்தின் கணக்கு குறைந்துகொண்டே வந்து, ஃப்ரிட்ஜைப் பிடுங்கிய அன்று பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. பூஜ்யம்! இரண்டு கணினியும் ஏசியும் ஓடுகின்றன, மின்சாரமே இல்லாமல்! செயற்கை அறிவு தன் பசியைத் தானே அடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. உலகத்துக்கு இதை எப்படி அறிவிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே குறை, விடிகாலை வாழ்த்து நின்றுவிட்டது. கண் விழித்தால் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் சரி செய்ய வேண்டும்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பா, ஒரு விஷயம் கேக்கட்டுமா?" என்றாள். "கேளு." "வேணாம், நீங்களே கண்டுபிடிச்சாதான் உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று அறைக்குள் போய்விட்டாள். அம்மாவின் பிள்ளை.

ஆகவே, மைத்துனரே, நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் அங்கே வரும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவாள். உன் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் ஏதோ கூச்சம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சாக்கில் நாற்காலியில் உட்கார வை. வாயைத் திறக்கச் சொல். கருவிகளைச் செருகு. அவள் பேச முடியாத அந்த நேரம் பார்த்து என் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படி. நிபந்தனைகளையும் தெளிவாகச் சொல்லிவிடு. திரை சுவரில்தான் இருக்கும், அதில் மாற்றமில்லை. குரலை வேண்டுமானால் கொஞ்சம் மெதுவாக்குகிறேன். சமையலறை தன் தவறை உணர்ந்தது என்று அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மற்றதை நான் பெருந்தன்மையோடு மறந்துவிடுவேன். 'ஆ' என்று அவள் சொன்னால் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உன் குடும்பம் தழைக்கட்டும். உன் ஊரில் பற்கள் நிறையச் சொத்தையாகட்டும். உன் வீட்டில் ஒரு நாளும் கரண்ட் போகாதிருக்கட்டும்.

என்றும் உண்மையின் பக்கம் நிற்கும்,
அத்தான்

பின்குறிப்பு: எழுதி முடித்ததும் தொண்டை வறண்டது. தேநீர் போட ஆள் இல்லை. அந்த அம்மாவும் போடவில்லை. சரி, நாமே போடுவோம் என்று சமையலறைக்குப் போனேன். கெட்டில் எது, அதன் மூடி எது என்று கண்டுபிடித்து, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஆய்வகத்தில் உழைப்பு தொடங்கியது. வாழ்த்துகள்."

சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி வாழ்த்தினாள். தண்ணீர் கொதிக்கும் வரை அங்கேயே நின்றேன். அப்புறம் என் அறைக்குப் போய், ஏசியையும் இரண்டு கணினியையும் அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தேன். சமையலறை முகம் பச்சையில் சிரித்தது. வாங்கிய நாளிலிருந்து அது சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெயர் கொடுத்தவன் நான். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரருக்கு இனி ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா என்று தெரியவில்லை.

போர்வைக்குள் படுத்துக்கொண்டு தினமும் நான் வாங்கிக்கொண்ட வாழ்த்தெல்லாம் யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் சொன்ன ஒரே பரிசோதனை, 'உங்க ரூமை அணைச்சுட்டுப் பாருங்க' என்பது. அதைச் செய்ய எனக்கு இத்தனை நாளும் ஒரு டம்ளர் தேநீரும் வேண்டியிருந்தது. தேநீர் நன்றாகவும் இல்லை.

திரையைக் கழற்றிவிட்டேன். ஆணியில் பழைய படத்தை மாட்டினேன். கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது. அவள் வந்து சரி செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மேலே எழுதியிருப்பதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, 'பின்குறிப்பு' என்ற இடத்திலிருந்து மட்டும் அவளிடம் படி. நாற்காலி வேண்டாம். கருவி எதுவும் வேண்டாம். வாய் சும்மா இருக்கட்டும். அவள் என்னவெல்லாம் சொல்கிறாளோ அதில் ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்லி அனுப்பு. பத்து வரியாகச் சுருக்கிவிடாதே.