நீல நாக்கோடு ஒரு தலைவர்

ஊதினால் சரியாகாத மெஷின் உலகத்தில் இல்லை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் உத்தமபாளையம் வட்டாரத்தில் நான் பிரித்துப் பார்க்காத மோட்டார் கிடையாது. திராட்சைக்கு மருந்தடிக்கும்போது ஸ்ப்ரேயர் நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஒரு ஊது. டீசல் இறங்கவில்லையா, டியூபில் ஒரு உறிஞ்சு. (இப்படித்தான் வெறுங்கையோடு வந்தவன் பன்னிரண்டு ஏக்கர்க்காரன் ஆனேன். போகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன்.)

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றேன். அதற்கு முன் இரண்டு தடவை நின்று தோற்றவன். இந்த முறை என் வாழ்க்கை வரலாற்றை நான் சொல்லச் சொல்ல, என் மகள் செல்வி கம்ப்யூட்டரில் அடித்து நான்கு பக்கமாக்கினாள். அதை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மைக்கில் விளக்குவதாகத் திட்டம். எழுத்து நீலத்தில் வேண்டும் என்றது நான்.

கூட்டம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு. ஒன்பது மணிக்கு, முதல் பக்கத்தின் பாதியிலேயே பிரிண்டரில் நீலம் தீர்ந்துவிட்டது. செல்வி மை பாட்டிலும், அதைக் கார்ட்ரிஜ் என்கிற மைப்பெட்டியில் ஏற்ற ஊசியும் வாங்கி வைத்திருந்தாள்.

“அப்பா, கீழ பேப்பர விரிக்கணும். ஊசிய மெதுவா எறக்கி, சொட்டுச் சொட்டா விடணும். மேல மை தெரிஞ்சதும் நிப்பாட்டி, அடிப்பக்கத்த ஈரத்துணியில ஒத்தி எடுக்கணும். நான் குளிச்சுட்டு வந்து செஞ்சு தாரேன். அதுவரைக்கும் தொடாதீக.”

“ஏத்தா, எனக்கே சொல்லித் தாரியா?” என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் கார்ட்ரிஜைக் கழற்றி, ஊசியில் மையை எடுத்து ஏற்றினேன். ஒரு சொட்டு நழுவிப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. அது உடனே கரையவில்லை. புகை மாதிரி சுழன்று, மழை விட்ட காலையில் மேற்கு மலையில் மேகம் இறங்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. அந்த நீலத்துக்குள் நான் மாலையோடு நிற்கிறேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் பந்தலாய்த் திராட்சை, ஒவ்வொரு குலையும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கட்டைவிரல் மட்டும் ஊசியை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

கார்ட்ரிஜை மாட்டினேன். பேப்பர் வெள்ளையாகவே வந்தது. கழற்றி அடிப்பக்கத்தை வாயில் வைத்து ஊதினேன். அசையவில்லை. சரி என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன்.

வந்தது.

என் வீட்டுக்காரி பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். “என்னத்தக் குடிச்சீக?”

வாயைத் திறந்து காட்டினேன். “நாவப்பழம் தின்னாக்கூட இம்புட்டு வராதே” என்றாள்.

உப்பு, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய், கடைசியில் அடுப்புச் சாம்பல். உதடு தேறியது. பல்லும் நாக்கும் தேறவில்லை.

“வாயத் தொறக்காம இருந்தா ஒண்ணும் தெரியாதுப்பா” என்றாள் செல்வி.

“உங்கப்பாவாலயா?” என்றாள் பாண்டியம்மா.

கூட்டத்தில் எதிராளி முக்கால் மணி நேரம் தன் பெருமையைப் பேசினார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கையில் கொடுக்கப் பேப்பரும் இல்லை, எழுந்து கும்பிட்டேன். நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை; கனவில் நிற்பதுபோல இருந்தது.

சங்கச் செயலாளர்தான் வாயைத் திறந்தார். “சனிக்கிழமையாச்சே. அண்ணன் குச்சனூர் சனீஸ்வரனுக்கு மௌன விரதம் போல.”

தலையாட்டினேன். (சாமி மன்னிக்கட்டும். ஓட்டு முக்கியம்.)

“இவுக இம்புட்டு அடக்கமானவுகன்னு தெரியாமப் போச்சே” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. ஜெயித்துவிட்டேன். மாலை போட்டபோதும் உதட்டை இறுக்கிக்கொண்டே சிரித்தேன்.

அடுத்த தேர்தலுக்குள் வாய் சுத்தமாகிவிட்டது. நன்றாகப் பேசினேன். பதினோரு ஓட்டு விழுந்தது.

போன மாதம் பேத்தி காதுகுத்தில் நான் மைக்கை வாங்கித் தொண்டையைக் கனைத்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பாண்டியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“செல்வி, உங்கப்பாவுக்கு அந்த மைய ஒரு மடக்கு குடு ஆத்தா.”