முதுகுப் பக்கம் வடக்கு

கொரட்டூர் மாடி டுடோரியலில் ஆட்டோ ஓட்டும் செல்வம் இருந்தான். டிபன் கடை ராணி அக்கா இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியில் பீஸ் செக் பண்ணும் நான் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பத்தாவதைத் தனியாக எழுத வந்தவர்கள். அப்புறம் புவியியல் வாத்தியார். பெயர் தெரியாது. வடக்கு வாத்தியார் என்றால் ஏரிக்கரை வரை தெரியும். அவரைப் போல் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் மனுஷன் எந்த அட்சரேகையிலும் கிடையாது.

எனக்கு இது விளையாட்டு இல்லை. பத்தாவது பாஸ் என்றால் சூப்பர்வைசர். இல்லையென்றால் கடைசிவரை நூல் பிசிறு வெட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே சுவரிலிருந்த இந்தியா மேப்பைக் கழற்றினார்.

“வடக்கு எங்கே?”

நான் மேலே காட்டினேன்.

“மேலே ஃபேன் இருக்கு. வடக்கு அதோ.”

அவர் காட்டியது பாத்ரூம் கதவு. மேப்பைத் தரையில் விரித்தார். காஷ்மீர் பாத்ரூம் வாசலில் போய் முட்டியது. அதற்கப்புறம் யார் பாத்ரூமுக்கு எழுந்தாலும், “இமயமலையை மிதிக்காதே!” என்று கத்துவார்.

“பின்ன இன்னா சார், பறந்தா போவேன்?” என்பார் ராணி அக்கா.

லெஃப்ட், ரைட் என்று வாயைத் திறக்கக் கூடாது. ஒருநாள் செல்வத்தின் ஆட்டோவில் ஏறிக்கொண்டு, “வடகிழக்கே திருப்பு” என்றார்.

“சார், லெஃப்டா ரைட்டா சொல்லு சார். பின்னால தண்ணி லாரிக்காரன் என் வம்சத்தையே திட்டிகினு கீறான்.”

“வடகிழக்கு” என்றார் மறுபடியும். லாரிதான் சுற்றிக்கொண்டு போனது.

போனில் மேப் பார்க்கிறேன் என்றேன். “போன்ல மேப்பு உன்கூடச் சேர்ந்து சுத்தும். இமயமலை சுத்துமா?”

பரீட்சை நாள். எனக்கு முன் பெஞ்சில் செல்வம். இடது பக்க ஜன்னலில் காலை வெயில். அது கிழக்கு. அப்படியானால் வடக்கு என் முதுகுப் பக்கம். பழக்கதோஷம், மேப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஆறுகளைக் குறித்தேன்.

மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா பேப்பரைப் பிடுங்கினார். “யாருக்குக் காட்டறே? முன்னாடி இருக்கறவனுக்கா? நேரா வையி!”

“நேராத்தான் வெச்சிருக்கேன் மேடம்.”

அதற்குத்தான் கோபம் அதிகமானது. காப்பி அடித்ததாக எழுதி மேலே அனுப்புகிறேன் என்றார். பேப்பர் கைக்குத் திரும்பப் பத்து நிமிஷம். ஒரு கேள்வி போயே போச்சு.

வெளியே வந்து போனில் வாத்தியாரைப் பிடித்துக் கத்தினேன். “ஊர்ல எல்லாரும் மேப்பை நேரா வெச்சுப் படிக்கிறாங்க. உங்களால என் வேலை போச்சு சார்!”

அவர் கேட்டது ஒன்றுதான். “நர்மதை மேற்கே பார்த்துதானே போச்சு?”

போனை வைத்துவிட்டேன். அப்புறம் பேசவேயில்லை.

ரிசல்ட்டை நிறுத்திவைப்பார்கள் என்று பயந்திருந்தேன். நிறுத்தவில்லை. பாஸ்.

செல்வத்திடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“உனுக்குத் தெரியாதாக்கா? சார் தெனம் நாம பரீட்சை எழுதுன ஸ்கூலுக்குப் போனாரு, உன் கேஸை மேல அனுப்பக் கூடாதுன்னு கேக்க. நான்தான் ஆட்டோல இட்டுகினு போவேன். வாட்ச்மேன் தொரத்துவான், கேட்டுலயே நிப்பாரு. கடைசி நாளு ஹெச்.எம்.மே உள்ள கூப்ட்டாரு. ரூமு தரைல மேப்பை விரிச்சு, ஹெச்.எம்.மைச் செருப்பைக் கழட்டிட்டு அதுமேல ஏறி நிக்கச் சொன்னாரு. ‘இப்ப சொல்லுங்க, எங்க பொண்ணு நேரா வெச்சாளா இல்லையா’ன்னு ஒரே சண்டை.”

“எத்தனை நாள்டா போனார்?”

“பதினோரு நாளு.”