திரும்ப அடுக்கும் கூலி

"மெதுவா, மெதுவா! அது டேப் இல்லடா, என் உசுரு!" என்று கத்தினார் டெல்பர்ட்.

மச்சினன் லானி ஹேர் டிரையரைச் சட்டென்று விலக்கினான். இருவரும் வரவேற்பறைத் தரையில் மண்டியிட்டிருந்தார்கள். நடுவில், கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி பெட்டி. பெட்டியின் வாயை மூடியிருந்த டேப்பைச் சூடு காட்டி இளக்கி, கிழியாமல் உரித்து, மறுநாள் அப்படியே திரும்ப ஒட்டிவிடுவது என்பது திட்டம்.

டெல்பர்ட்டின் பழைய டிவி முந்தின நாள் சாயங்காலம் 'புஸ்' என்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது. அதுவும் எப்போது? மகள் மார்லி பள்ளி பாண்டு வாத்தியக் குழுவோடு நியூயார்க்கில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் பண்டிகை ஊர்வலத்தில் நடக்கப்போகிற நாளுக்கு முன்னால். தெரு முழுக்க, "எங்க வீட்டுக்கு வந்துடுங்க, எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்" என்று அவர் தண்டோரா போட்டிருந்தார். மகளுக்குத் துணையாக நியூயார்க் போயிருந்த மனைவி ட்வைலாவோ, "பயணத்துக்கே கையில இருந்ததெல்லாம் கரைஞ்சாச்சு. நான் வர்ற வரைக்கும் எதையும் வாங்கித் தொலைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தாள்.

அதனால் டெல்பர்ட் டிவி வாங்கவில்லை. அவர் கணக்குப்படி, கார்டில் விலையைக் கட்டிக் கடையிலிருந்து ஒருநாள் இரவல் எடுத்து வந்திருந்தார். இன்று பார்த்துவிட்டு நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. சிக்கல் என்னவென்றால், பெட்டியைப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் விலையில் பதினைந்து சதவீதத்தைக் கடைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

"எதுக்காம்?" என்று கேட்டான் லானி.

"திரும்ப அலமாரியில அடுக்கி வைக்கறதுக்குக் கூலியாம்."

"அடுக்கறதுக்கு இவ்வளவு கூலியா? எனக்குப் பத்து டாலர் குடுக்கச் சொல்லுங்க அத்தான், நானே போய் அடுக்கிட்டு வரேன்!"

"பேசாம சூடு காட்டுடா. ஊர்வலம் தொடங்கப் போகுது."

லானி காட்டினான். ஆர்வத்தில் கொஞ்சம் அதிகமாகவே காட்டிவிட்டான். டேப் இளகியது. டேப்பில் அச்சடித்திருந்த கடையின் பெயரும் கூடவே இளகி, அவன் கட்டைவிரலில் வந்து ஒட்டிக்கொண்டது.

"பரவாயில்ல," என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார் டெல்பர்ட். "கவுத்துப் போட்டு அடிப்பக்கமாப் பிரிப்போம். அடியை எவன் பாக்கப் போறான்?"

கவிழ்த்தார்கள். அடிப்பக்கம் டேப்புக்குப் பதில் தடித்த கம்பி ஊசிகளால் தைத்திருந்தது. லானி திருப்புளியால் நெம்பினான். அட்டை 'பர்ர்ர்' என்று ஒரு முழம் கிழிந்தது. பார்த்துக்கொண்டே இருந்த டெல்பர்ட், பழைய டிவி போட்ட அதே 'புஸ்' சத்தத்தைத் தானும் போட்டார்.

"போன்லயே பாத்திருக்கலாம்," என்று முணுமுணுத்தான் லானி.

"ரெண்டு வருஷமா அந்தப் பித்தளைக் குழலைத் தோள்ல சுமந்து பழகியிருக்கா என் பொண்ணு. அவளை விடப் பெரிய குழல். அதைப் போயி உள்ளங்கை அகலத்துலயா பாக்கறது?"

டிவியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். திரைமேல் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் பாதுகாப்புத் தாளில் லானி கை வைத்ததும் டெல்பர்ட் பாய்ந்து வந்து தடுத்தார். "அதை உரிச்ச, கையை ஒடிச்சுடுவேன்! தாளோடயே பாக்கலாம்."

அதற்குள் தெரு வந்துவிட்டது. பெக்கி ஓகிள் அம்மா ஒரு தட்டு நிறைய இறைச்சி உருண்டைகளோடு முதலில் நுழைந்தார். எழுபதைத் தாண்டியவர். குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"டெல்பர்ட்! வெளிய பாத்தியா? பனி விழுது! நம்ம நாக்ஸ்வில் ஊருல! தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு! என் ஆயுசுல பாத்ததில்ல!"

"உக்காருங்கம்மா, தொடங்கிடுச்சு."

"என்னப்பா இது? ஊர்வலம் தண்ணிக்கடியில நடக்குதா?"

தாள் வழியாகப் பார்க்க நியூயார்க்கே நீலம் பூத்த மீன் தொட்டி போலத்தான் இருந்தது. குதிரைகள் நீந்திப் போயின. பெரிய பெரிய பலூன்கள் திமிங்கலம் மாதிரி மிதந்தன. கூட்டம் சிரித்தது, தின்றது, கருத்துச் சொன்னது. டெல்பர்ட் மட்டும் ஒவ்வொரு தட்டும் டிவிக்கு எவ்வளவு தூரத்தில் போகிறது என்று பார்த்தபடி பின்னால் உலாத்திக்கொண்டிருந்தார்.

அப்போது அறிவிப்பாளர் சொன்னார்: "டென்னஸியிலிருந்து வந்திருக்கும் பள்ளி மாணவர்கள்..."

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" வீடே எழுந்து நின்றது.

வரிசை வரிசையாக நீலக் கலங்கலான உருவங்கள். கடைசி வரிசையில், தலைக்குமேல் தாமரை மாதிரி விரிந்த ஐந்து பித்தளைக் குழல்கள். ஐந்தில் எது மார்லி? மூக்கும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

"எதுடா என் பொண்ணு? எதுடா?" என்று அலறிக்கொண்டே ஓடிய டெல்பர்ட், பாதுகாப்புத் தாளின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்து எறிந்தார்.

மீன் தொட்டி உடைந்து வெயில் கொட்டியது போல இருந்தது. திரை நிறைய மார்லி! குளிரில் சிவந்த மூக்கு, உப்பிய கன்னம், காற்றை இழுத்துக் குழலுக்குள் ஊதுகிற அந்த முனைப்பு. இரண்டு கண்சிமிட்டல் நேரம், அவ்வளவுதான். அடுத்து ஒரு கோமாளி வந்துவிட்டான்.

பெக்கி அம்மா டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு குதித்தார். யாரோ விசிலடித்தார்கள். டெல்பர்ட் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "எப்படி ஊதறா பாத்தீங்களா? எப்படி ஊதறா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பெட்டியைக் காணோம். லானியையும் காணோம், பெக்கி அம்மாவையும் காணோம். வெளியிலிருந்து 'ஊ...ய்' என்று ஒரு கூச்சல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் வெள்ளையாகிக் கிடந்த சரிவில், டிவி பெட்டி அம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் லானி. பின்னால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெக்கி அம்மா.

"டேய்! பதினஞ்சு சதவீதம்டா!" என்று கதறினார் டெல்பர்ட்.

"இன்னும் ஒரு தடவை அத்தான்!" என்றது சரிவு.

மறுநாள் காலை கடையில் நிற்க இடமில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த நாள் தள்ளுபடிக்கு ஊரே முண்டியடித்தது. திருப்பிக் கொடுக்கும் மேசையிலும் நீண்ட வரிசை. டெல்பர்ட்டும் லானியும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டது போல டேப் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்வையில் குளித்தபடி நின்றார்கள்.

"ஞாபகம் இருக்கட்டும்," என்று காதைக் கடித்தான் லானி. "வேலை செய்யலைன்னு சொல்லுங்க. பழுதான சாமானுக்குக் கூலி கிடையாதாம்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் கேலின் என்று பெயர் இருந்தது. ரசீதை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "ஓ, இந்த வாரம் வாங்கினதா சார்? அப்படின்னா நீங்க..."

"வேலை செய்யல!" என்றார் டெல்பர்ட், வேண்டியதைவிட உரக்க.

"ஐயையோ, அப்படியா? இருங்க, போட்டுப் பாக்கறேன்."

மின்சாரம் கொடுத்ததும் டிவி 'இதோ வந்துட்டேன்' என்று பளிச்சென்று எரிந்தது. கடையிலிருந்த அத்தனை டிவிகளையும் விட அழகாக எரிந்தது. கேலின் டெல்பர்ட்டைப் பார்த்தாள். டெல்பர்ட் லானியைப் பார்த்தார். லானி கூரையைப் பார்த்தான்.

"பொய் சொன்னேம்மா," என்று உடைந்தார் டெல்பர்ட். "நல்லாத்தான் இருக்கு. என் பொண்ணைப் பாக்கணும்னு..."

"சார், அதுக்கெல்லாம் அவசியமே..."

"நான் முடிச்சுடறேன்மா!" பழைய டிவி, ட்வைலா, ஹேர் டிரையர், மீன் தொட்டி, பெக்கி அம்மாவின் சவாரி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். "என்ன பிடிக்கணுமோ பிடிச்சுக்கம்மா. மனசு லேசாயிடுச்சு."

"எதுவும் பிடிக்க மாட்டோம் சார். முழுப் பணமும் உங்க கார்டுக்கே வந்துடும்," என்ற கேலின் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா... டிவியையுமா குடுத்துட்டுப் போறீங்க?"

"எடுத்துக்கம்மா! நல்லா இருப்ப! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா!" அவள் வாயைத் திறக்குமுன் அவசரமாக டிவியை ஒப்படைத்ததற்கான கையெழுத்தைப் போட்டார். பதிவாகிவிட்டது என்று இயந்திரம் கிணுகிணுத்தது. லானியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியாடா? உண்மையைச் சொன்னேன், ஜெயிச்சேன்!"

பூரிப்போடு திரும்பியவர் அப்போதுதான் வரிசையைக் கவனித்தார். ஒருவர் கையிலும் பெட்டி இல்லை. ஆளுக்கொரு ரசீதை மட்டும் பிடித்துக்கொண்டு, திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க டிவி எங்கண்ணே?" என்று அடுத்து நின்ற சிவப்புத் தொப்பிக்காரரைக் கேட்டார்.

"வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கேன். தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஊருல பனி விழுந்தா, அந்த வாரம் வாங்கின டிவிக்கு முழுப் பணமும் வாபஸ், டிவியும் நமக்கேன்னு வாசல்ல எம்மாம் பெருசா எழுதிப் போட்டிருக்காங்க, நீங்க பாக்கலையா?"