ஐந்து மல்லாட்டைகள் காணாமற்போன விவரம்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
12-3-1938

விழுப்புரத்தில் வாசம் செய்யும் மச்சான் செபஸ்தியான் அவர்களுக்கு அந்தோணிசாமி எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை அமல்ராணியும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் இரண்டாம் முறை பாயசம் வராததை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இதை எழுதுகிறேன்.

நம் தியான மடத்தில் வெளியூரார் தங்க விடுதி கட்டப்போவது தாங்கள் அறிந்ததே. திட்டங்கள் மூன்று. என்னுடையது பத்துச் சிறு அறைகள். அறைக்கொரு கதவு, கதவுக்கொரு தாழ்ப்பாள். எப்.ஏ. படித்தவன் யோசனை அப்படித்தான் இருக்கும். அரிசி மண்டி சவுரிராயனுடையது ஒரே நீளக் கூடம். முப்பது பேர் வரிசையாகப் பாய் விரிக்கலாம். போன வருஷத் தியானத்தில் என் பக்கத்தில் படுத்து அவன் விட்ட குறட்டையில் எனக்கு மூன்று நாளும் தூக்கமில்லை. அந்தக் குறட்டைக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர். இந்த வயதில் நான் கேட்பது அவ்வளவுதான். மூன்றாவது, மேஸ்திரி தேவசகாயம் வரைந்த மாடிக் கட்டடம். அதில் படிக்கட்டு இல்லை.

கமிட்டியார் பன்னிரண்டு பேரும் தபசுகாலத் தியானத்துக்கு வந்திருக்கும்போதே முடிவு செய்துவிடலாம் என்றார் தியானம் நடத்தும் சாமியார். ஆனால் மூன்று நாளும் மௌனம். எழுதுவதும் பேச்சுதான் என்று காகிதத்தையும் தடுத்துவிட்டார். ஆகவே மூன்று படங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, பிடித்த படத்தின்மேல் ஆளுக்கொரு உரிக்காத மல்லாட்டைக் கடலை வைக்கச் சொன்னார். ஜெபத்தில் மனம் மாறினால் கடைசி நாள்வரை மாற்றி வைக்கலாம். முதல் நாளே எனக்கு ஏழு, சவுரிராயனுக்கு நாலு. தேவசகாயம் தன் படத்தின்மேல் தானே வைத்துக்கொண்டார். படிக்கட்டு எங்கே என்று சைகையில் கேட்டேன், வானத்தைக் காட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் கேப்பைக்கூழ், அப்புறம் வெறும் தண்ணீர். அன்று சாயங்காலம் மேசையைச் சுற்றி நடந்தபடியே ஒரு ஜெபமாலை சொல்லி, என் ஏழையும் ஆசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் போனால், எனக்கு இரண்டு!

மற்றப் படங்களில் ஒன்றுகூட ஏறவில்லை. ஆகவே யாரும் மனம் மாறவில்லை, யாரோ தின்றிருக்கிறான். தோல்கூட மிஞ்சவில்லை. தோலோடு விழுங்கும் வயிறு திண்டிவனத்தில் ஒன்றுதான் உண்டு. சவுரிராயனை முறைத்தேன், நான் மன்னிப்புக் கேட்பதாக எண்ணி அவன் என்னைக் கட்டிக்கொண்டான். சாமியாரிடம் ஓடிப் படத்தைக் காட்டினேன், வாயைக் காட்டினேன், வயிற்றைக் காட்டினேன். அவர் மனமிரங்கி ஒரு சட்டி கூழ் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் பார்க்க நான் ஒருவன் மட்டும் ஒருசந்தி விரதத்தை முறித்தேன். மௌனம் முடிய மணி அடித்ததோ இல்லையோ, "டேய் சவுரி! அஞ்சையும் தின்னுட்டியேடா பாவி!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா வாத்தியாரே, மூணு நாளா வாய மூடிக்கினு இருந்து, தொறந்ததும் இதானா வர்றது? கூழு பத்தலன்னா சொல்லுங்க, என் பங்கையும் தர்றேன்" என்றான்.

சாமியாரே சிரித்தார். நாலு பெரிது, இரண்டு சிறிது, கூடமே கட்டுவோம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

தங்களுக்கு மடத்துப் பெரிய சாமியாரோடு பழக்கம் உண்டே. இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து, முடிவை ரத்துசெய்து, சவுரிராயனைக் கமிட்டியிலிருந்து நீக்கச் செய்யவும். அதுவரை அந்த வாசலை மிதியேன். சகல அர்ச்சியசிஷ்டவர்களும் தங்கள் குடும்பத்தைக் காப்பார்களாக. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். பாயச விஷயத்தில் அவர்கள் குற்றமற்றவர்கள்.

இப்படிக்கு,
அந்தோணிசாமி

பின்குறிப்பு: கடிதத்தைப் பெரிய சாமியாரிடம் கொடுக்க வேண்டாம். அமல்ராணி துவைக்க எடுத்த என் தியானச் சட்டையின் பையில் ஐந்து மல்லாட்டைத் தோல் இருந்தது. அன்று ஜெபமாலையின் ஐம்பது மணிகளில் பத்துப் பத்தாக உருட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் கை எதையோ உரித்ததும், ஜெபம் வழக்கத்தைவிட ருசியாக இருந்ததும் இப்போதுதான் நினைவு வருகிறது. தோலை அடுப்பில் போடு என்றேன். "இருக்கட்டுங்க, சவுரி அண்ணன் வந்தா காட்டலாம்" என்கிறாள். அவனோ, கூடத்தில் என் பாயைத் தன் பாய்க்குப் பக்கத்திலேயே போட ஏற்பாடு செய்திருக்கிறானாம், சமாதானமாம். தேவசகாயத்தின் மாடியைக் கட்ட இன்னும் வழி உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதவும். ஏணியை நானே கொண்டுபோவேன். ஏறியதும் மேலே இழுத்துக்கொள்வேன்.