ஆறாவது பெண் விழ வேண்டும்

ஒரு பெண்ணைக் கீழே விழாமல் நிற்கவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவரே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் என்பது உலகம் பொதுவாக ஒப்புக்கொண்ட கருத்து. எங்கள் கெட்டில் ரிவர் பல்கலைக்கழகத்தில் மட்டும் இக்கருத்து சென்ற குளிர்காலத்தில் முறைப்படி ரத்து செய்யப்பட்டது.

நான் வெர்னன். வார நாட்களில் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறேன். போட்டி நாட்களில் அதே தொண்டையை வைத்துக்கொண்டு பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அறிவிப்பாளர். வேலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னதில் எடையைச் சொல்லக் கூடாது, அவ்வளவே.

பயிற்சியாளர் டோரீன் ஹலுஸ்கா என்னோடு பள்ளியில் படித்தவள். கல்லூரியில் முட்டி போய்விட்டது. ஆடத்தான் முடியாதே தவிர, ஆடுகிறவர்களைத் திட்ட முட்டி தேவையில்லை என்று பயிற்சியாளர் ஆனாள். இருபத்திரண்டு வருஷமாக மல்யுத்தக்காரர்களின் வியர்வை நாற்றத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூடத்தில் பயிற்சி. எங்கள் கால்பந்துப் பையன்கள் உடை மாற்றுகிற அறையில் செயற்கை அருவி கொட்டுகிறது. டோரீனின் கூடத்திலும் அருவி உண்டு, கூரையிலிருந்து. அதற்குப் பல்கலைக்கழகம் ஒரு வாளி கொடுத்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாளி.

பிப்ரவரியில் ஒரு முதல் வருஷப் பெண் பீமிலிருந்து விழுந்தாள். நாலு அங்குல அகலக் கட்டை, விழுவது சகஜம். இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றாக ஆடினாலும் சரி, மண்ணைக் கவ்வினாலும் சரி, ஆடி முடித்தவளை அணி மொத்தமும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அன்றும் கட்டிக்கொண்டார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதோடு போச்சு டோரீனின் நிம்மதி.

மறுவாரமே விளையாட்டுத் துறை இயக்குநர் பிரெண்ட் ஸ்வைகார்ட் கூட்டம் போட்டார். மைக் வைத்திருக்கிறவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். இயக்குநருக்குப் பக்கத்தில் கேம்ரின் ஓல்ட்ஸ் என்று ஒரு சின்னப் பெண். மாணவியர் மகிழ்ச்சி மற்றும் தோற்றத்துக்கான துணை இணை இயக்குநர். கையில் கைக்குழந்தை பருமனுக்கு ஒரு தண்ணீர்க் குவளை. அதை ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்கவில்லை.

"கோச், அந்தப் பொண்ணு விழுந்ததை எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? நாலு லட்சம்!" என்றாள் கேம்ரின்.

"அவ அம்மா பார்க்காம இருந்தா சரி."

"விழுந்ததுக்காகப் பார்க்கலை கோச். எல்லாரும் ஓடிப் போய்க் கட்டிப்பிடிச்சாங்களே, அதுக்காக. அழுதிருக்காங்க. போர்ச்சுகல்ல ஒருத்தர் காரை ஓரமா நிறுத்திட்டு அழுதிருக்கார்."

"அதே நாள் மூணு பொண்ணுங்க அசையாம வந்து இறங்கினாங்களே, அதை எத்தனை பேர் பார்த்தாங்க?"

கேம்ரின் கைபேசியைத் தடவினாள். "முந்நூத்திச் சொச்சம். அதுல பாதி சொந்தக்காரங்க."

ஸ்வைகார்ட் தொண்டையைச் செருமினார். இவர் அதற்கு முன் ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. "எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு கருவியிலயும் ஆறு பேர் ஆடறாங்க, அஞ்சு பேர் மார்க்கைத்தான் கூட்டறாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆறாவது மார்க் எங்க போகுது?"

"எங்கயும் போகாது சார். இருக்கிறதுலயே கீழ் மார்க்கைத் தள்ளிருவாங்க. ஒரு பொண்ணு தவறி விழுந்தா, ஐயோ நம்மால அணியே போச்சேன்னு அவ அழக் கூடாதில்ல? அதுக்காக வச்ச ஏற்பாடு."

"அப்படின்னா, ஒவ்வொரு தடவையும் ஒரு பொண்ணோட உழைப்பு வீணாப் போகுதுன்னு சொல்றீங்க."

"வீணெல்லாம் இல்லை சார்..."

"கணக்குல வராததுக்குப் பேர் வேற என்ன? வீணாப் போறதைப் பயன்படுத்தறதுக்குத்தானே நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு!"

ஒரு மனிதர் முதல் தடவையாக ஒரு விதியைப் புரிந்துகொள்ளும்போது வருகிற வெளிச்சம் அவர் முகத்தில் வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தைக் கண்டால் நான் சந்தையில் ஏலத்தை நிறுத்திவிட்டுக் கதவை மூடிவிடுவேன். இங்கே கதவு அவர்களுடையது.

முடிவு இதுதான்: ஆறாவது மார்க் எப்படியும் தள்ளப்படுவதால், ஒவ்வொரு கருவியிலும் ஆறாவது பெண், அணிக்கு யாதொரு நஷ்டமும் இன்றி, விழ வேண்டும். விழுதல் என்ற சொல் மனதைப் புண்படுத்துவதால் அது இனி 'உணர்வுத் தருணம்' என்று அழைக்கப்படும்.

"கை கால் உடைஞ்சா?" என்றாள் டோரீன்.

"அதனாலதான் பயிற்சி கொடுக்கணும்னு சொல்றோம். நீங்க பயிற்சியாளர்தானே?" என்றார் ஸ்வைகார்ட். அப்புறம் மெதுவாக, "உங்க ஒப்பந்தம்கூட ஜூன்ல முடியுது போல," என்று நலம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

வாசலில் டோரீன் என் கையைப் பிடித்தாள். "டேய் வெர்ன், இவங்க நிஜமாத்தான் சொல்றாங்களா?"

"அந்தப் பொண்ணு குவளையைக் கூடக் கீழே வைக்கலையே. நிஜம்தான்."

"மாட்டேன்னு சொன்னா ஜூன்ல வேற எவனையாவது கொண்டு வருவாங்க. அவன் பொண்ணுங்களைத் தலைகுப்புறத் தள்ளுவான். நான் இருந்தா, அடிபடாம விழறதுக்காவது சொல்லிக் கொடுப்பேன்." எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் என்ன செய்ய முடியும், கூவத்தான் முடியும்.

ஆக, விழத் தொடங்கினார்கள். முதல் வாரம் அரங்கில் பாதி நிரம்பியது. இரண்டாம் வாரம் தின்பண்டக் கடையில் நாச்சோ தீர்ந்துவிட்டது. மூன்றாம் வாரம் ஊர்க்காரர்கள் சண்டை போட்டு இடம் பிடித்தார்கள். ஐந்து பெண்கள் பிரமாதமாக ஆடும்போது கூட்டம் சோளப்பொரி வாங்கப் போகும். ஆறாவது பெண் பெயரை நான் கூவியதும் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவரும். விழுந்தால் எழுந்து நின்று அழும். இவர்கள் என் சந்தைக்காரர்கள். சொந்தத் தகப்பனின் அடக்கத்தில் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு மெத்தைக் கடை தன் விளம்பரத்துக்கு அணியில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போட்டது. நன்றாக ஆடுகிறவளை அல்ல, நன்றாக விழுகிறவளை. உடனே பெற்றோர் டோரீனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க பொண்ணு சின்னதுல இருந்து பயிற்சி எடுக்கறா. அவளுக்கு ஏன் விழ வாய்ப்பே தரமாட்டேங்கறீங்க?" என்று ஒரு தகப்பனார் வாகனம் நிறுத்துமிடத்தில் சத்தம் போட்டார்.

"உங்க பொண்ணு அணியிலயே முதல் ஆள் சார். அவளுக்கு விழ வரலை."

"வரலைன்னா சொல்லிக் கொடுங்க! அதுக்குத்தானே இருக்கீங்க?"

அக்கம்பக்கத்துக் கல்லூரிகளும் சும்மா இருக்குமா? ஒரு கல்லூரி இரண்டு பேரை விழவைத்தது. இன்னொன்று, விழுந்தவளைக் கட்டிக்கொள்ள ஒரு நாயைக் கொண்டுவந்தது. நாய் விஷயத்தில் நாம் பின்தங்கிவிட்டோம் என்று கேம்ரின் உண்மையிலேயே கண் கலங்கினாள்.

சொந்த ஊரில் கடைசிப் போட்டி ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம். படிப்பு முடித்துப் போகிற பெண்களை அப்பா அம்மாவோடு நடுவில் நிறுத்திப் பூக்கொத்து கொடுக்கிற நாள். டெலேனி ஷ்ரேக் அந்த வருஷம் போகிறவள். பன்றிப் பண்ணைக்காரர் மகள். முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சை. நாலு வருஷமும் பீமில் ஆறாவதாகவே ஆடி, ஒரு தடவைகூட அவள் மார்க் அணிக்குச் சேர்ந்ததில்லை. ஆனாலும் காலையில் முதலில் வந்து வாளித் தண்ணீரைக் கொட்டுகிறவள் அவள்தான். யாருக்குத்தான் பிடிக்காது அவளை? எனவே கடைசி நாளின் பெரிய விழுதலுக்குக் கேம்ரின் அவளைத் தேர்ந்தெடுத்தாள்.

"கடைசிப் போட்டி, பண்ணைக்கார அப்பா, ரெண்டு அறுவை சிகிச்சை. இதுக்கு மேல என்ன வேணும் கோச்? இடது பக்கம் விழச் சொல்லுங்க. கேமரா எல்லாம் அங்கதான் வைக்கறோம்."

போட்டிக்கு முன் டெலேனி டோரீனிடம் வந்தாள். நான் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"கோச், கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை விழாம இறங்கிக்கட்டுமா? அப்பா மழைக்கு முன்னாடி முடிக்க வேண்டிய சோள விதைப்பை விட்டுட்டு வந்திருக்கார். அவர் முன்னாடி பொய்யா விழ எனக்கு வெக்கமா இருக்கு." அப்புறம் அவளே, "உங்க வேலை போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா விழுந்துடறேன்," என்றாள்.

டோரீனுக்கு வேறு வேலை தெரியாது. அடமானத்தில் ஒரு வீடு, மோசமான ஒரு முட்டி, நாற்பத்தொன்பது வயது.

"நில்லுடி," என்றாள். "ஒட்டவச்ச மாதிரி நில்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

டெலேனி பீமில் ஏறினாள், ஆடினாள், இறங்கினாள். நின்றாள்.

அரங்கமே அடங்கிப்போனது. ஆயிரக்கணக்கான பேர் கைக்குட்டையை எடுத்துவைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். "எப்போ விழுவா?" என்று ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டார். கேமராக்கள் இடது பக்கத்து வெறும் பாயை விடாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்வைகார்ட் மேலே கண்ணாடி அறையில் எழுந்து நின்று டோரீனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஜூன் மாதம் வந்துவிட்டது.

டோரீன் அவரைத் திரும்பிப் பார்த்தால்தானே! அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். ஓடினவள், இடது பக்கம் கேமராவுக்காகப் போட்டிருந்த கேபிளில் கால் மாட்டிக் குப்புற விழுந்தாள்.

அடேங்கப்பா! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அழுதது. அணி ஓடிவந்து அவள்மேல் விழுந்து கட்டிக்கொண்டது, எதிரணியும் கட்டிக்கொண்டது, நடுவர் ஒருவரும் கட்டிக்கொண்டார். அடியிலிருந்து "ஐயோ மணிக்கட்டு, மணிக்கட்டு!" என்று டோரீன் கத்தியதை ஆனந்தக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர் உள்ளே நுழையப் பார்த்தார். அவரையும் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலைக்குள் எண்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். போர்ச்சுகல்காரர் மறுபடி காரை நிறுத்தினாராம்.

ஸ்வைகார்ட் பூக்கொத்தோடு மருத்துவமனைக்கே வந்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு போட்டியிலும் பயிற்சியாளர் ஒரு தடவை, நல்லெண்ணத்தோடு, விழ வேண்டும்.

"பொண்ணுங்க?" என்றாள் டோரீன், கட்டுப் போட்ட கையோடு.

"பொண்ணுங்க இனிமே எப்படி வேணா இறங்கட்டும். அவங்களை யார் பார்க்கப் போறா?"

டோரீன் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏண்டி, வெக்கமா இல்லையா உனக்கு?"

"பன்னிரண்டு பொண்ணுங்க நிக்கறதுக்கு நான் ஒருத்தி விழறேன். நல்ல கணக்குதானேடா," என்றாள்.

அப்போது டெலேனி உள்ளே வந்தாள். ஊருக்குக் கிளம்புகிறாள், சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். "கோச், அப்பாகூட உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தாராம்," என்று சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

"நீ ஆடினதை நான் பார்த்தேன்டி. விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பார்த்துட்டேன். கண்ணை எடுக்கலை," என்றாள் டோரீன். இரண்டு பேரும் அழுதார்கள். அங்கே கேமரா இல்லாததால் கட்டிக்கொள்வதற்கு யாரும் ஓடிவரவில்லை.

இப்போது டோரீன் அருமையாக விழுகிறாள். நாடெங்கும் பயிற்சியாளர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். நான்தான் கூவுகிறேன். நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். கேபிள், விரித்த கை, குப்புற விழுந்தது, மருத்துவர் சிக்கிக்கொண்டது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இவ்வளவு நேரம் உட்கார்ந்து நானும் அதைத்தான் சொன்னேன். டெலேனி அந்தக் கட்டைமேல் ஏறினதிலிருந்து இறங்கினது வரை என்ன செய்தாள் என்று நான் ஒரு வரி சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.